மகளைப் புகழாத கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. எங்கள் ஊர் கரகாந்தாவில் ஓர் அலுவலக நடைவழியில், அரை மணி நேரத்துக்கு முன்பு பிறந்தது. இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் வழியாகப் பாப்ளர் மரத்துப் பஞ்சு மிதந்து வந்து, எழுதும் வரிமேல் இறங்குகிறது.

2

முதல் தொடக்கம்: ‘ஒரு நாய் ஒரு குழந்தையைக் குணப்படுத்தி—’

பொய். அடித்துவிட்டேன். அக்தபான் என்ற அந்த நாய் யாரையும் குணப்படுத்தவில்லை. சும்மா படுத்துக் கிடந்தது. என் மகள் இங்காருக்கு ஏழு வயது. மனம் ஓரிடத்தில் தரிக்காது. சிகிச்சை அறையில் நாயின் முடியைச் சீவிவிடச் சொன்ன முதல் நாள், பதினான்கு முறை எழுந்து ஓடினாள். நான் கூப்பிடப் போனேன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக நாயைப் பழக்குகிற ஸாவ்லே தடுத்துவிட்டாள்.

“விடுங்கக்கா, அவளே வருவா. நாய் எங்க போயிடப் போகுது?”

பதினான்கு முறையும் தானாகவே திரும்பி வந்தாள். போன வாரம் இரண்டே முறைதான் எழுந்தாள். மற்ற நேரமெல்லாம் அதன் விலா எலும்புகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் எனக்கும் கனவில் இருப்பதுபோல இருந்தது.

(இந்த இடத்தில் நாயைப் பேசவைத்திருந்தேன். பக்கத்திலிருக்கும் ஸாவ்லே எட்டிப் படித்துவிட்டு, “அது பேசாததாலதான்க்கா வேலையே நடக்குது” என்றாள். நீக்கிவிட்டேன்.)

3

இங்கார் எல்லாப் பிள்ளைகளோடும் படிக்கலாமா, சிறப்புக் குழந்தைகளுக்கான தனிப் பள்ளிக்குப் போகணுமா என்று இன்று இங்கே முடிவாகும். நாய்க்கு அனுமதியில்லை; கதவுக்கு வெளியே படுத்திருக்கிறது. முடிவெடுக்கும் அதிகாரியம்மா, இங்காரை உள்ளே அழைக்குமுன் என்னிடம்தான் கேட்டார், பெண் எதில் கெட்டிக்காரி என்று.

“இவளா? ஒண்ணுத்துக்கும் ஆகமாட்டா. அசடு.”

கண்பட்டுவிடக் கூடாதென்று எங்களில் எந்தத் தாயும் சொல்வதுதான். அந்த அம்மாவும் எங்களவர், அவருக்குத் தெரியும். படிவத்துக்குத் தெரியாதே. எழுதிக்கொண்டார்.*

* கற்பனைக் கதையென்றால் இந்த வரியை அடித்துவிடுவேன்.

4

முடிவு ஒன்று: உள்ளே இங்கார் அசையாமல் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும்—

முடிவு இரண்டு: [பாதியில் எழுந்து நாயிடம் ஓடி வந்து... எழுத மனம் வரவில்லை.]

கதவு திறக்கிறது. அதிகாரியம்மா படிவத்தோடு நிற்கிறார்.

“இன்னும் கையெழுத்துப் போடலைம்மா. வேணும்னா அதே கேள்விய உங்ககிட்ட இன்னொரு தரம் கேக்கறேன்.”

எனக்குப் பயமாக இருக்கிறது. ஏழு வருடம் கண்பட்டுவிடுமென்று பயந்தே ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் காத்தேன். அவருக்குப் பின்னால் இங்கார் நின்று, என் வாயையே பார்க்கிறாள். அப்படி ஒரு வார்த்தை அதிலிருந்து வந்து அவளும் இதுவரை கேட்டதில்லை.

அவள் எதில் கெட்டிக்காரி என்று, அந்தப் பதினான்கு முறையைப் படித்த உங்களுக்குத் தெரியும். எனக்கு நாக்கு எழவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள். படிவத்துக்கு இல்லை, அவள் காதில் விழும்படி.