கடிக்கக் கொடுத்த கை

ஞாயிற்றுக்கிழமைகளில் யோகராஜா நாய்களிடம் கடி வாங்கினான். சுவிஸில், ஊஸ்டர் நகரிலிருந்து ஏரிக்குப் போகிற வழியில் ஒரு புல்வெளியில் நாய் பழக்கும் சங்கம் இருந்தது. அதன் தலைவர் எக்லி, யோகராஜா கோப்பை கழுவிய உணவகத்துக்கு அடிக்கடி சாப்பிட வருபவர். "ஓடக்கூடிய, பயப்படாத ஆள் ஒருவன் வேண்டும்" என்று ஒருநாள் குசினிக் கதவில் வந்து நின்று கேட்டார். அது 1986. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல், ஓய்வு நாட்களில் அறைக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த யோகராஜா உடனே சம்மதித்தான்.

தோல் மேலங்கியை மாட்டி, இடக்கையில் சணல் சுற்றிய தடித்த உறையைப் போட்டுக்கொள்வான். மறைப்புக்குப் பின்னாலிருந்து கத்திக்கொண்டு வந்து இடக்கையைத் தூக்குவான். நாய் பாய்ந்து உறையைக் கவ்வும். சொந்தக்காரர் "அவுஸ்!" என்றதும் விட்டுவிட வேண்டும். விட்ட நாய்க்குப் பாராட்டு. பிறகு எல்லோரும் ஒரே மேசையில் சூப் குடிப்பார்கள். அவனை 'யோகி' என்று கூப்பிட்டு இடம் ஒதுக்கிக் கொடுப்பார்கள். அந்த ஊரில் வேறு எவரும் அவனை உட்காரச் சொன்னதில்லை.

நாய்களில் கெட்டிக்காரன் ஆஸ்கோ. புருஷன் செத்தபின் ஊரோரத்து வீட்டில் தனியாக இருந்த ஃபிராவ் ஹெஸ்ஸின் நாய். கவ்வினால் தாடை பூட்டுப் போலப் பூட்டும். சொன்னால் உடனே திறக்கும்.

அடுத்த கார்த்திகையில், பனிப்புகார் மூடிய ஒரு காலையில், ஆஸ்கோ திறந்து கிடந்த படலையால் வெளியே வந்தது. அவ்வழியாகத் துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் இராஜேந்திரன், யோகராஜாவின் அறைக்கூட்டாளி. பாய்ந்து வந்த நாயைக் கண்டதும் முகத்தை மறைக்க இடக்கையைத் தூக்கினார். ஃபிராவ் ஹெஸ் ஓடி வந்து கத்தும் வரை நாய் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போது யோகராஜா காயத்தைப் பார்த்தான். முழங்கைக்குக் கீழே, உறையில் சணல் தேய்ந்துபோன அதே இடம்.

"விசர் நாயோ தெரியாது" என்றார் இராஜேந்திரன்.

"விசர் இல்லை அண்ணை. அதுக்குப் பழக்கினது நான்தான்."

அவன் சொல்லி முடிக்கும் வரை அவர் கேட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

யோகராஜா எக்லியிடம் போனான். தெரிந்த ஜெர்மனில் திக்கித் திக்கிச் சொன்னான். அந்த நாய் கிட்டத்தில் கண்ட கறுத்த ஆள் அவன் ஒருவன்தான். கறுத்த ஆள், தூக்கிய கை. இரண்டையும் சேர்த்துக் கண்டால் கடிக்க வேண்டும் என்று அது படித்துவிட்டது.

"நாய் நிறம் பார்க்காது" என்றார் எக்லி.

'நீங்கள் பார்த்துத்தானே என்னைக் கூப்பிட்டீங்கள்?' என்று கேட்க அவனுக்கு வாய் வந்தது, ஜெர்மன் வரவில்லை.

மிருக வைத்தியர் தை மாதத்தில் நாயைச் சோதிப்பார், அந்நிய ஆள்மேல் மறுபடி பாய்ந்தால் கொன்றுவிடுவார்கள் என்று நகரசபை முடிவு செய்தது. பழக்கியதை மாற்றிப் பழக்கலாம், அதுவரை என்னிடம் விடுங்கள் என்று யோகராஜா எக்லியிடம் கெஞ்சினான்.

மேலங்கியும் உறையும் இல்லாமல், சொந்த ஜாக்கெட்டோடு, புல்வெளியின் மறுகோடியில் பக்கவாட்டாக நின்றான். ஆஸ்கோ நீளக் கயிற்றில் ஃபிராவ் ஹெஸ்ஸிடம் நின்றது. குரைத்தால் ஒன்றும் கிடைக்காது. குரைக்காமல் பார்த்தால் ஒரு துண்டு வூர்ஸ்ட் இறைச்சியை எறிவான். அடுத்தமுறை கொஞ்சம் கிட்டப் போவான். பனி விழத் தொடங்கியபோது இடக்கையை இடுப்பு வரை உயர்த்தினான். பிறகு நெஞ்சு வரை. கடைசியில் ஆஸ்கோ தூக்கிய கையைக் கண்டால் உட்காரப் பழகி, அவன் உள்ளங்கையில் தின்றது.

"உனக்குப் பழகிவிட்டது. உன் ஆட்களுக்குப் பழகவில்லையே" என்றார் எக்லி. அவர் சொன்னது சரி. வேறு ஆட்கள் வேண்டும்.

யோகராஜா தமிழர் இருந்த அறைகளெல்லாம் ஏறி இறங்கினான். "ஊரில ஆமிக்குத் தப்பி வந்து, இஞ்ச நாய்க்குக் கை குடுக்கவோ?" என்று கேட்டான் ஓர் அறையிலிருந்த பாலச்சந்திரன். வர ஒருவரும் சம்மதிக்கவில்லை.

சோதனைக்கு முதல்நாள், அதுவரை அவனோடு முகம் கொடுத்துக் கதைக்காத இராஜேந்திரன், "நான் வாறன்" என்றார்.

"வேண்டாம் அண்ணை."

"நாய் குரைச்சாலே எனக்குக் கால் நடுங்குது. இந்த ஊரில இப்பிடி எத்தினை நாளைக்கு இருக்கிறது? எனக்கும் பழகத்தானே வேணும்."

மறுநாள் வைத்தியர் வேலியோரம் நின்றார். யோகராஜா சொல்லிக் கொடுத்தபடி இராஜேந்திரன் பக்கவாட்டாக நின்று, கைகளைத் தொங்கவிட்டார். ஆஸ்கோ அவரைப் பார்த்து, மோப்பம் பிடித்து, உட்கார்ந்தது. எறிந்த துண்டைத் தின்றது. வைத்தியர் தலையாட்டினார்.

"இன்னும் ஓரடி வாங்கோ அண்ணை."

அவர் வந்தார். ஆஸ்கோ முதுகுப் பனியை உதறச் சட்டென்று எழுந்து உடம்பைச் சிலுப்பியது. அவ்வளவுதான். இராஜேந்திரனின் இடக்கை தானாக முகத்துக்கு உயர்ந்தது.

நாய் பாய்ந்தது. கயிற்றைப் பிடித்திருந்த ஃபிராவ் ஹெஸ் பனியில் விழுந்து இழுபட்டார். "அவுஸ்!" என்று யோகராஜா அலறினான். இராஜேந்திரனின் சட்டைக்கையைக் கவ்விய வாய் அந்தக் கணமே திறந்தது. ஆஸ்கோ வாலை ஆட்டிக்கொண்டு யோகராஜாவிடம் ஓடி வந்து, பாராட்டுக்காக அவன் முகத்தைப் பார்த்தது.

வைத்தியர் தன் பையை எடுத்துக்கொண்டார்.

ஃபிராவ் ஹெஸ்ஸின் குசினியில்தான் ஊசி போட்டார்கள். நாயைப் பிடித்துக்கொள்ள அந்த அம்மாவால் முடியவில்லை. "உன்னிடம் அமைதியாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். யோகராஜா தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்திருந்தான். வைத்தியர் முன்காலைப் பிடித்தபோதும் ஆஸ்கோ உறுமவில்லை. தலை பாரமானது அவன் தொடைக்குத் தெரிந்தது.

இராஜேந்திரன் ரோட்டில் காத்து நின்றார். இருவரும் சேர்ந்து நடந்தார்கள்.

"நான் கையைத் தூக்காம விட்டிருந்தா?"

"ஆரெண்டாலும் தூக்குவினம் அண்ணை. அதை நான்தான் யோசிச்சிருக்க வேணும்."

பனி உருகியபோது எக்லி குசினிக் கதவில் வந்து நின்றார். புது நாய்கள் வந்திருக்கின்றன என்றார். யோகராஜா மாட்டேன் என்றான். "ஆரைப் பிடிச்சாலும் ஒரே ஆளை வைச்சுப் பழக்காதேங்கோ" என்று, அன்று வராத ஜெர்மனைத் தேடிப் பிடித்துச் சொன்னான். எக்லி சரி என்று தலையாட்டிவிட்டு, அவனுக்குப் பின்னால் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த புதிதாய் வந்த தமிழனைப் பார்த்து, "இவன் வேகமாக ஓடுவானா?" என்று கேட்டார்.