டார்லாவின் துப்பாக்கிக்கு ஒரு பிடியுறை

மெர்வினின் துப்பாக்கிக் கடையில், கண்ணாடி மேசைமேல் விரித்திருந்த ரப்பர் பாயில் பிடியுறைகள் வரிசையாகக் கிடந்தன. துப்பாக்கிக் குழலைச் சுற்றி மாட்டுவது. சுட்டால் குழல் சூடேறிவிடும் என்பதால் இடது கை இதைத்தான் பிடித்துக்கொள்ளும். டார்லா கையுறையைக் கழற்றிவிட்டு நீளமாக இருந்த ஒன்றை எடுத்தாள். அலுமினியம். அமெரிக்காவின் ஐடஹோ, நவம்பர் மாதம்; கணப்பு எரியும் கடைக்குள்ளேயே அது கையைக் கடித்தது. வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். போன குளிர்காலத்தில் கொட்டகைக்குப் போகும் வழியில் பனியில் வழுக்கி விழுந்தபோது துப்பாக்கியின் பழைய பிடியுறை இரண்டாகப் பிளந்தது, கூடவே அவளுடைய இடது மணிக்கட்டும். மணிக்கட்டுக்குள் தகடு வைத்துத் தைத்தாகிவிட்டது. துப்பாக்கிக்குத்தான் கறுப்பு டேப்பைச் சுற்றி இத்தனை நாள் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் எல்லாரும் எதற்காவது ஆயத்தமாகிக்கொண்டுதான் இருப்பார்கள். மற்ற ஊர்களில் பிள்ளைகள் சௌக்கியமா என்று கேட்பதுபோல, இங்கே எத்தனை மாதத்துக்கு மாவு வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். டார்லாவின் வீட்டு நிலவறையிலும் வாளி வாளியாக பீன்ஸ், உப்பு, மண்ணெண்ணெய், அவளே பாட்டிலில் அடைத்த பீச் பழம் எல்லாம் உண்டு. ஆனால் அவள் வீட்டு ஆயத்தத்தில் ஒரு கோளாறு. கணவன் கர்ட் மின்கம்பி வேலைக்காரன். புயல் வந்து ஊர் இருட்டில் முழுகினால், மற்ற ஆண்களெல்லாம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் அந்த நேரத்தில் அவன் கம்பம் ஏறக் கிளம்பிவிடுவான். ஆபத்துக் காலத்துக்கு என்று அவன் வாங்கிச் சேர்ப்பதெல்லாம் அவன் இல்லாத வீட்டுக்குத்தான். முப்பது வருடமாக அவள் இதைக் குறையாகச் சொன்னதில்லை. சொல்லி ஆகப்போவதும் இல்லை.

கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் கேட்காமலே யோசனை சொன்னார்கள். ஒருவர் நீளமானதுதான் கைக்குப் பாதுகாப்பு என்றார். இன்னொருவர் கார்பனில் செய்ததை வாங்கச் சொன்னார்; அது இறகு மாதிரி இருக்குமாம். அதற்கு மெர்வின், உன் துப்பாக்கியில் நீ மாட்டாதது காப்பிக் கோப்பை ஒன்றுதான், நீ எடையைப் பற்றிப் பேசாதே என்றான். டார்லா யாரையும் சட்டைசெய்யவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்து, கையை நீட்டி, மனதுக்குள் பத்துவரை எண்ணிப் பார்த்தாள். முன்பக்கம் கனத்தால் மணிக்கட்டில் தகடு இருக்கும் இடம் சுருக்கென்றது. கடைசியில் ஓர் எளிய பிளாஸ்டிக் பிடியுறை கைக்குப் பொருந்தியது. கையுறை போட்டாலும் வழுக்கவில்லை, சில்லிடவும் இல்லை.

"இது போதும்," என்றாள்.

கூட வந்திருந்த கர்ட் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "இதுல விளக்க எங்க மாட்டுவ?"

"கையில ஒரு டார்ச் இருந்தாப் பத்தாதா?"

"ஒரு கைல டார்ச், இன்னொரு கைல துப்பாக்கியா? உனக்கு உருப்படியா இருக்கிறதே ஒரு கைதான்டி." சொன்ன பிறகு அவனுக்கே கஷ்டமாகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டு, தான் பக்கத்தில் இருந்தால் இதெல்லாம் கேட்கமாட்டேன் என்றான்.

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. இடதுபக்கம் விளக்கைச் செருக ஒரு காடி வெட்டிய, எடை குறைந்த பிடியுறை ஒன்று முடிவாயிற்று. கர்ட் அன்றே சமையலறை மேசையில் துண்டை விரித்து அதை மாட்டினான். கட்டைவிரல் படும் இடத்தில் விளக்கின் பொத்தான் வரும்படி மூன்று தடவை கழற்றி மாட்டினான். ஒவ்வொரு தடவையும் அவளைப் பிடிக்கச் சொல்லி, விரல் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தான். கல்யாண மோதிரம் வாங்கிய அன்றுகூட அவன் அவள் விரலை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அந்தக் கரிசனம் அவளுக்குப் பிடித்திருந்தது. துப்பாக்கியும் பிடித்துப்போயிற்று, அதை மறைப்பானேன். வீட்டுக்குப் பின்னால் நின்று இரண்டு வாரம் பழகினாள். தூக்கினால் வலி இல்லை, அழுத்தினால் வெளிச்சம்.

டிசம்பர் தொடக்கத்தில் ஈரப்பனியும் காற்றும் சேர்ந்து வந்தன. மரங்கள் கம்பிகள்மேல் சாய்ந்தன. கர்ட்டுக்கு அழைப்பு வந்து அவன் கிளம்பிய அன்று மாலையே செல்போன் கோபுரமும் செத்துப்போயிற்று. டார்லா விறகடுப்பை மூட்டி, மான்கறிக் குழம்பை அதன்மேல் வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தாள். நாலாம் நாள் மதியம் கீழ்ச்சாலை ரோண்டா கால் புதையாமலிருக்கப் பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு ஏறி வந்தாள். அவர்கள் பக்கத்தில் இரண்டு வீட்டு ஜெனரேட்டரை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். ஒரு வீட்டில் தடுக்கப்போன கிழவரைக் கீழே தள்ளிவிட்டார்களாம். ரோண்டா காப்பி குடித்துவிட்டு, ஜாக்கிரதையாக இரு என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. எரிபொருள் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றுபோயிருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று டார்லா அடுப்பு வெளிச்சத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்போது கொட்டகையின் தகரக் கதவு சத்தம் கேட்டது. காற்று என்று முதலில் நினைத்தாள். பிறகு உள்ளே எதையோ இழுக்கும் சத்தம். அவள் துப்பாக்கியை எடுத்தாள். பின்வாசலைத் தாண்டும்போதே, தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியைத் தள்ளிவிட்டிருந்தாள். தான் இவ்வளவு நிதானமாக இருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மணிக்கட்டு வலிக்கவில்லை. எல்லாம் கர்ட் சொல்லிக்கொடுத்தபடியே நடந்தது. கொட்டகை வாசலில் நின்று உள்ளே அசைந்த உருவத்தை நோக்கித் துப்பாக்கியை உயர்த்தினாள். ஆள்காட்டி விரல் விசைமேல் போய் உட்கார்ந்தது. கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினாள்.

வெளிச்சத்தில் கர்ட்டின் முகம். நாலு நாள் தாடி, புருவமெல்லாம் பனி. கையில் எரிபொருள் கேன். கண் கூச முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். அடுத்த கணம் சிரித்தான்.

"பாத்தியா, எப்படி இருக்கு வெளிச்சம்! நான் சொன்னப்ப கேட்டியா?"

கீழே மரம் விழுந்து வழி அடைத்திருந்ததால் வண்டியைச் சாலையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறான்; டார்ச் பாதி வழியிலேயே அணைந்துவிட்டதாம். ஆறு மணிநேர ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். வீடு இருட்டாக இருக்கவும், அவள் அசந்து தூங்குகிறாள், எழுப்புவானேன், முதலில் ஜெனரேட்டரை ஓடவைப்போம் என்று நினைத்தானாம். இதையெல்லாம் அவன் மான்கறியைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். வெளிச்சத்துக்கு அந்தப்பக்கம் அவனுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவள் விரல் எங்கே இருந்தது என்று தெரியாது. டார்லா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள். சொல்லலாமா என்று யோசித்தாள். ரொட்டியைக் கையில் பிடித்தபடியே அவன் தூங்கிவிட்டான். பூட்ஸைக் கழற்றிவிட்டு, அவன் கால்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து மறுபடி வேலைக்குப் போகும்வரை அவற்றை விடவே இல்லை.

அதன்பிறகு அவள் துப்பாக்கியைத் தொடவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. கர்ட் பக்கத்தில் படுத்திருக்கும்போது அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சொன்னால் அவன் தாங்குவானா என்பது ஒரு பயம். சொல்லாவிட்டால் அடுத்த புயலில் அவன் மறுபடியும் அதேபோலச் சத்தமில்லாமல், அவள் தூக்கம் கெடக்கூடாதென்று, பூனைபோல வீட்டுக்குள் வருவான். அது அதைவிடப் பெரிய பயம்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மெர்வின் கடைக்குப் போனார்கள். கர்ட் கடைவாசிகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் நல்ல கதைசொல்லி. கேனைப் பிடித்தது, கண்ணைச் சுருக்கியது, மனைவி சிலையாக நின்றது எல்லாவற்றையும் நடித்தே காட்டினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெர்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளக்கு வாங்கியது எதற்கோ, புருசனைப் பிடிக்கத்தான் உதவியிருக்கிறது என்றான்.

"சேஃப்டி எடுத்திருந்தேன், கர்ட்," என்றாள் டார்லா.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"விரல் விசைமேல இருந்துச்சு. அந்த விளக்குல ஒண்ணப் பாக்கணும்னா மொதல்ல அதுமேல குறி வெக்கணும். உன்மேல குறி வெச்ச பெறகுதான் உன் மூஞ்சியே தெரிஞ்சுது. நீ இருமியிருந்தாக்கூட நான் சுட்டிருப்பேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. கர்ட் கேனைப் பிடித்துக் காட்டிய கையை இன்னும் கீழே போடவில்லை. மெர்வின் குனிந்து மேசைக்கடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தான். புதுசு வாங்குகிறவர்கள் கழற்றிப்போட்டுவிட்டுப் போகும் பழைய பிளாஸ்டிக் பிடியுறைகள் அதில் நிறைந்து கிடந்தன. எதையும் மாட்ட வழியில்லாத, உருண்டையான, மொட்டைப் பிடியுறைகள். விரிசல் இல்லாத ஒன்றைத் தேடியெடுத்துச் சட்டையில் துடைத்து டார்லாவிடம் நீட்டினான். கூடவே நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்றையும் வைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் துண்டை விரித்து கர்ட்டே பிடியுறையை மாற்றினான். திருகாணிகளைக் கழற்றுகிற கை இரண்டு தடவை நழுவியது. கம்பம் ஏறுகிறவன் கை அது, சாமானியத்தில் நழுவாது. முடித்ததும் துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, விறகு பிளக்க வெளியே போனான். அன்று பிளக்கவேண்டிய விறகு ஒன்றும் இல்லை.

அந்த மாதக் கடைசியில் மறுபடி அழைப்பு வந்தது. இந்தத் தடவை பனி மழை. மேற்கே மலை முழுவதும் கம்பி அறுந்து கிடக்கிறதாம். கர்ட் இடுப்புவாரை மாட்டி, கதவைத் திறந்து, அங்கேயே நின்றான்.

"திரும்பி வரப்ப என்ன பண்ணட்டும்?"

"குரல் குடு. ரோட்டுலேர்ந்தே குடுத்துக்கிட்டு வா."

"என்னன்னு குடுக்கிறது?"

"என்னவோ குடு. நடுவுல மட்டும் நிறுத்தாத."

அவன் தலையாட்டினான். போகும்போது வழக்கமாகக் கொடுக்கும் முத்தத்தை மறந்துவிட்டு, வண்டிவரை போய், திரும்பி வந்து கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் திரும்பி வந்த அன்று காற்று அடங்கியிருந்தது. மரக்கிளைகளில் பனிக்கட்டி உராயும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. டார்லா மண்ணெண்ணெய் விளக்கடியில் காலுறை தைத்துக்கொண்டிருந்தாள். தூரத்தில், கீழ்ச்சாலைப் பக்கம், ஒரு குரல் கேட்டது. தேவாலயத்தில் எல்லாரும் பாடும்போது உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிற மனுஷன் கர்ட். அந்தக் குரல் பாடியது. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பாட்டின் முதல் இரண்டு வரி, அதற்குமேல் வார்த்தை தெரியாமல் வெறும் ராகம், திரும்பவும் அதே இரண்டு வரி. சுருதி எங்கோ, பாட்டு எங்கோ. டார்லாவுக்குச் சிரிப்பு வந்தது. ஊசியை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். பாட்டு முதல் வளைவைத் தாண்டியது. நெருங்க நெருங்க அது உரத்துக்கொண்டே போயிற்று. மூச்சு வாங்குகிறது, இருமல் வருகிறது, இருமலை அடக்கிக்கொண்டு பாடுகிறான். அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது. அவன் பயந்துகொண்டு வருகிறான். தன் சொந்த வீட்டுக்கு, அவளிடம், பயந்துகொண்டு வருகிறான்.

விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். முற்றத்து வேலிக்கு அப்பால் இருட்டில் அவன் நிற்பது தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. வேலி வரைக்கும் வந்துவிட்டவன் அதற்குமேல் நகராமல், நிறுத்தவும் செய்யாமல், தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தான். டார்லா விளக்கை வாசற்படியின்மேல், தன்மேல் வெளிச்சம் முழுதும் விழும்படி வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, வெறுங்கைகள்தான் என்று அவனுக்குத் தெரியும்படி, தலைக்குமேல் உயர்த்தினாள்.