நானூற்றுப் பன்னிரண்டு வில்லைகளும் ஒரு பட்டன் டப்பாவும்

செயின்ட் லூயிஸ் நகரில் 1904-இல் நடந்த உலகப் பொருட்காட்சியின் நினைவை இந்தப் பூமியில் தனியொருவராகக் காத்து நிற்பவர் எல்ராய் ஓட்டிங். அவருடைய பெயர் அட்டையில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. பொருட்காட்சியில் விற்ற, காசு போன்ற உலோக நினைவு வில்லைகளைச் சேர்ப்பவர்களுக்கென்று அவர் தலைவராக இருந்த சங்கத்தில் ஒன்பது பேர்; அவர்களில் மூன்று பேர் கேக்குக்காக வருகிறவர்கள்.

அருங்காட்சியகத்தில் பொருட்காட்சிக்கென்று புதுக் கூடம் திறக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எல்ராய்க்கு ஒரே நினைப்புதான்: அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி, கீழே பித்தளைத் தகட்டில் தன் பெயர். எழுபத்திரண்டு வயதில் வேறு ஆசை மிச்சமில்லை. மகளின் கல்யாணத்தன்றுகூட பஃபலோ நகரில் ஒரு வில்லை ஏலத்தில் கை தூக்கிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

அருங்காட்சியக அதிகாரி வீட்டுக்கே வருவதாக இருந்த அன்று காலையில், நல்ல கோட்டை மாட்டி வயிற்றுக்கு மேல் பூட்டியபோது நடுப் பட்டன் தெறித்து ஓடியது. மனைவி வெர்னா அதைப் பொறுக்கித் தன் தகர டப்பாவில் போட்டாள்.

"அப்புறமா தைக்கிறேன். அதுவரைக்கும் தொப்பைய உள்ள இழுத்துட்டு நில்லு."

"முதல்ல அந்தக் குப்பைய உள்ள கொண்டுபோய் வை. பெரிய மனுஷங்க வர்ற நேரம்."

அதிகாரி டெனிஸ் ஹாக்கடே என்ற பெண்மணி வந்தார். நீல வெல்வெட் தட்டுகளில் நானூற்றுப் பன்னிரண்டு வில்லைகள். ஒவ்வொன்றின் கதையையும் சொல்லுமுன் எல்ராய் தொண்டையைச் செருமிக்கொண்டார். நாற்பதாவது செருமலில் டெனிஸ் கையமர்த்தினார்.

"அருமையா வச்சிருக்கீங்க, மிஸ்டர் ஓட்டிங். ஆனா எங்ககிட்டயே இது மூணு இழுப்பறை நிறைய கெடக்கு. இந்த ஊர்ல எந்த வீட்டுப் பரணைக் கவிழ்த்தாலும் இதுதானே கொட்டுது."

"இப்படி வரிசையா இருக்காது மேடம்."

"வரிசையாவும் இருக்கு."

வெர்னா காப்பியும் வெண்ணெய்க் கேக்கும் கொண்டுவந்தாள். திறந்திருந்த கதவு வழியே சமையலறை மேசையில் அந்தத் தகர டப்பா தெரிந்தது. டெனிஸ் கோப்பையை வாங்காமலே எழுந்து அந்த மேசைக்குப் போய்விட்டார்.

"இது என்னங்க?"

"பட்டன் டப்பா. எங்கம்மாவோடது. அந்தக் காலத்துல இதுல பிஸ்கட் வந்துதாம்."

"பொருட்காட்சியில வித்த பிஸ்கட். மூடியோட, வர்ணம் போகாம நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல."

எல்ராய் ஓடிவந்தார். "அது என் சேகரிப்புல நானூத்திப் பதிமூணாவது. கடைசியாக் காட்டலாம்னு இருந்தேன்."

"காலையிலகூட குப்பைன்னியே, எல்ராய்? முப்பத்தஞ்சு வருஷமா அதத்தானே சொல்ற."

"செல்லமாச் சொன்னேன்."

"அப்ப என்னையும் செல்லமாத்தான் சொல்லியிருக்க."

டப்பாவை உள்ளே இருக்கும் பட்டன்களோடு, ஒன்றையும் தொடாமல், அப்படியே வேண்டும் என்றார் டெனிஸ். வெர்னா சம்மதித்தாள்.

"தகட்டுல உங்க பேர் போடுவோம். வீட்டுக்காரர் பேரையும் சேர்த்துக்கலாமா?"

எல்ராய் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். வெர்னா கேக்கை ஒரு துண்டு நறுக்கி டெனிஸின் தட்டில் வைத்தாள்.

"வேண்டாம்மா. குப்பையில அவர் பேரப் போட்டா அவருக்குக் கௌரவமா இருக்காது."

திறப்பு விழாவில் எல்ராய் அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவில்லை. தகட்டில் 'வெர்னா' என்பதை முழங்கை மறைக்க, 'ஓட்டிங்' மட்டும் தெரியும்படி சாய்ந்து நின்று, வந்தவர்களுக்கெல்லாம் பொருட்காட்சியின் வரலாற்றைச் சொன்னார். திறந்திருந்த டப்பாவில் மேலாகக் கிடந்த பழுப்புப் பட்டன் அவருடையது. கோட்டின் நடுவில் ஊக்கு குத்தியிருந்தார்.