இருபத்தொரு நாள் தண்ணீர்

தளம் போட்டதும் ஏழு நாள் தண்ணீர் கட்டிவிட்டு நழுவுகிற ஆள் இல்லை கொத்தனார். கலவையால் வரப்பு பிடித்து, இருபத்தொரு நாளும் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்க வைப்பார். அவர் போட்ட தளம் ஒன்றுகூட ஒழுகியதில்லை. அந்தக் கர்வம் மனுஷனுக்கு உச்சந்தலை வரை உண்டு.

பன்னிரண்டாம் நாள், கொசு ஒழிக்க வந்த சுகாதாரத் துறைப் பெண் மாடி ஏறினாள். தண்ணீரைக் கரண்டியில் அள்ளிக் காட்டினாள். நூல் துண்டு போலப் புழுக்கள் நெளிந்தன. இது பகலில் கடிக்கிற டெங்குக் கொசு, இங்கே வேலை செய்கிறவர்களைத்தான் முதலில் பிடிக்கும், தண்ணீரை வடித்துவிட்டு ஈரச் சாக்கு போடுங்கள் என்று தொண்டை வறளச் சொன்னாள். காய்ச்சல் வந்தால், அது விடுகிற நேரத்தில்தான் கவனம் வேண்டும் என்றும் சொன்னாள். காதில் வாங்கினால்தானே!

"தளம் வெடிச்சா நீங்களா வந்து பூசுவீங்க?" என்றார் கொத்தனார். கலவைச் சட்டி சுமந்துகொண்டிருந்த அவர் மனைவி முழங்காலைச் சொறிந்துகொண்டே சிரித்தாள்.

அடுத்த வாரம் அவள் படுத்தாள். மூன்று நாள் உடம்பு அனலாய்க் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றாள். நான்காம் நாள் காலை தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருந்தது. கொத்தனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டில் படுத்திருந்தால் இன்னும் அசதிதான் என்று வேலைக்குக் கூட்டிப் போனது அவர்தான், பாவி மனுஷன்.

மூன்றாவது படியிலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, வயிறு ரொம்ப வலிக்குது," என்றாள். ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. கொத்தனார் அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், காய்ச்சல் எப்போது விட்டது என்று கேட்டார். காலையிலேயே விட்டுவிட்டது என்று கொத்தனார் நல்ல சேதி போலச் சொன்னார். டாக்டர் முகம் இறுகியது.

"இனிமேதாங்க பயமே. ரெண்டு நாள் தாண்டணும்," என்றவர் அவளை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். கதவு சாத்திக்கொண்டது.

போன் அடித்தது. கம்பி கட்டுகிற மச்சான், அவளுடைய தம்பி.

"மாமா, மாடியில தண்ணி குறைஞ்சிருக்கு. நிரப்பிடவா?"

"வரப்பை உடைச்சுடுடா," என்றார் கொத்தனார். "ஒரு சொட்டு நிக்கக் கூடாது."

மாமா இப்படிச் சொல்லி மச்சான் கேட்டதே இல்லை.

"உடைக்கிறேன் மாமா," என்றான். "ஆனா உடம்பு கொதிக்குது. காலையிலேருந்து எனக்கும் கண்ணுக்குப் பின்னால குத்துது."