மாலையோடு மாட்டிய படம்

“ஆணி அடிச்சாச்சுக்கா. படத்தக் குடுங்க, மாட்டிருவோம்.”

சுத்தியலும் கையுமாக அய்யாவு நின்றார். ஜொகூர் பாருவின் தம்போய்ப் பகுதியில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பெட்டி, கூடாரம், நாற்காலி, பூ வைத்த வேன் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்குபவர் அவர்தான். பெட்டியின் தலைமாட்டில் வெள்ளைத் துணி கட்டிய பலகையை நிறுத்தி, அதன் நடுவில் ஒரு புது ஆணி அடித்திருந்தார். பெட்டிக்குள் வாசுகியின் தம்பி சுகுமாறன் வேட்டி சட்டையோடு படுத்திருந்தான். நாற்பது வயதுதான். முந்தின நாள் மதியம், கார் கழுவும் கடையில் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடியே சரிந்துவிட்டான்.

“படம் ஒண்ணும் இல்லையேண்ணே” என்றாள் வாசுகி.

“பெருசா வேணாம்கா. ஐசியில உள்ளதக் குடுங்க. கடையில குடுத்துப் பெருசாக்கிக்கலாம்.”

ஐசி என்கிற அடையாள அட்டை அவனுக்கு இருந்ததே இல்லை. ஐசி இருந்திருந்தால் சுகுமாறன் அந்தப் பெட்டிக்குள் வந்திருக்கவே மாட்டான் என்று கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். இரண்டு நாளாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரிந்தவனை வாசுகி எத்தனையோ முறை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். “ஐசி கேப்பாங்கக்கா. வெறும் வாயுதான், விடு” என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போனான்.

ரெங்கம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் அவன். பெற்றவள் அந்த வாரமே கண்ணை மூடினாள். அப்பா தங்கராஜு அந்தத் துக்கத்திலும் குடியிலும் பிறப்பைப் பதியவே இல்லை. குளுவாங் ஆஸ்பத்திரியில் பிறந்த வாசுகிக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது, தம்பிக்கு இல்லை. பெரியவனான பிறகு அக்காவும் தம்பியும் ஏறி இறங்காத அலுவலகம் கிடையாது. பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றார்கள். பிறந்தவனே எதிரில் நிற்கும்போது அதற்கு மேல் என்ன அத்தாட்சி என்பது வாசுகிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் இரக்கப்பட்டு அவனை வகுப்பில் உட்காரவிட்டார். ஆனால் வருகைப் பதிவில் அவன் பெயர் கிடையாது. கடைசிப் பெயரையும் கூப்பிட்டு முடித்ததும், யாரும் கூப்பிடாமலே சுகுமாறன் எழுந்து “உள்ளேன் ஐயா!” என்று கத்துவான். வகுப்பே சிரிக்கும். வாத்தியாரும் சிரிப்பார். அடுத்த நாளும் அதே கூத்துதான்.

வளர்ந்த பிறகு கத்துவதை விட்டான். போலீஸ் சாலைத் தடுப்பு போட்டிருந்தால் வேறு சந்தில் போகப் பழகினான். கல்யாணம், பிறந்தநாள், தீபாவளி என்று எதற்குப் படம் எடுத்தாலும், “தள்ளுங்க தள்ளுங்க, நான் எடுக்கறேன்” என்று கைத்தொலைபேசியைப் பிடுங்கிக்கொள்வான். அந்த வீட்டுப் படங்களில் எல்லாரும் அவனைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன்தான் எதிலும் இல்லை.

வாசுகியின் கணவர் திருச்செல்வம் அச்சுக் கடையிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தார். கையில் சுருட்டிய தாள்.

“கலைவிழா போஸ்டர்ல அவன் மொகம் இருக்குல்ல, அதயே போட்டுக் கேட்டேன். இப்படித்தான் வருதாம்.”

விரித்துப் பார்த்தாள். சுகுமாறனின் முகந்தான். நெற்றியில் ‘நகரக் கலைவிழா’ என்று ஓடியது. முகவாயில் ‘அனுமதி இலவசம்’ என்று எழுதியிருந்தது. எங்கேயும் உள்ளே விடப்படாதவனின் முகத்தில் போய் அதை எழுதியிருக்கிறார்களே! தாளைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தப் போஸ்டருக்கு ஒரு கதை இருந்தது. மழைக்காலம் தொடங்குமுன் ஆண்டுதோறும் ஜொகூர் பாரு பழைய நகரத்துக் கடைத்தெருவில் கலைவிழா நடக்கும். இந்த ஆண்டு லோஷினி என்ற பெண், அடையாளப் பத்திரம் இல்லாதவர்களைக் கரியால் வரைந்து ஒரு சுவர் முழுக்க மாட்டப்போவதாகச் சொன்னாள். அவள் அப்பாவின் காரை வழக்கமாகக் கழுவுகிறவன் சுகுமாறன். போட்டோ என்றால் ஓடியிருப்பான். வரைவதென்றதும் யோசித்தான். “வரைஞ்சத வச்சு எவன் புடிக்க முடியும்?” என்று சம்மதித்தான். ஒரே நிபந்தனை, பெயர் போடக் கூடாது. கவிழ்த்த வாளி மேல், தோளில் ஈரத் துணியோடு அவனை உட்காரவைத்து வரைந்தாள். விழாக்காரர்கள் அந்த முகத்தையே போஸ்டரிலும் போட்டார்கள்.

விழா தொடங்கியதிலிருந்து அவன் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்ததே இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் பிடித்துப் போய்விடுவான். தெருவில் கொட்டு, ஆட்டம், பொம்மலாட்டம், ஐஸ் கச்சாங் கடை என்று ஒன்று விடாமல் பார்த்துவிட்டு, கடைசியில் தன் படத்துக்கு எதிரில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பான். ஒருவருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. “அக்கா, ஒரு சிங்கப்பூர் அம்மா சொல்லுது, என் கண்ணுல கடல் இருக்காம் லா! பக்கத்துலயே நிக்கறேன், கொஞ்சம் நவுருங்கன்னு சொல்லிட்டு என் கடலப் பாக்குது!” என்று நடித்துக் காட்டினான். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அது போன வாரம்.

வாசுகி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். “நான் போய் அந்தப் படத்த எடுத்துட்டு வந்துடறேன்.”

“லோஷினிதான் அத போன்ல எடுத்து அனுப்பிச்சாளே” என்றார் திருச்செல்வம்.

“அதுல கண்ணாடி மேல வெளக்கு அடிச்சுப் பாதி மொகம் வெளுத்துக் கெடக்கு. நெசமான படம் அங்க தொங்குது. அவன் மொகத்துக்கு நாம ஏன் நகல் தேடணும்?”

திருச்செல்வத்தின் அக்கா கஸ்தூரி மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். “சாவு வூட்டுக்காரி கலைவிழாவுக்குப் போறாளாம்! நல்லாருக்கு கத. மூணு மணிக்கு எடுக்கணும், தெரியுமில்ல?”

“தெரியும் அண்ணி. படம் இல்லாம எடுக்க மாட்டேன், அதுவும் எனக்குத் தெரியும்.”

கஸ்தூரி வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அய்யாவுதான் பேசினார். “பெரிய படமாக்கா? உங்க மைவி கார்ல போவாது. என் வேன்லயே போயிருவோம், வாங்க.”

சுகுமாறனை ஏற்றிப்போக வேண்டிய வேன், சாமந்தியும் ரோஜாவும் கட்டின அலங்காரத்தோடு, அவன் படத்தை ஏற்றிவரக் கிளம்பியது.

பழைய கடைத்தெருவில் சனிக்கிழமைக் கூட்டம். ஒரு பக்கம் சீனப் பிள்ளைகள் பறையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் மலாய்க்காரர் ஒருவர் பட்டம் கட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அய்யாவு வேனை ஓரங்கட்டியதும் இரண்டு பேர் ஓடிவந்து அதை எல்லாக் கோணத்திலும் படம் பிடித்தார்கள். இதுவும் கண்காட்சியில் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள் போலும். ஒருத்தி இது யார் செய்த வேலை என்று ஆங்கிலத்தில் கேட்டாள். “மை ஒர்க்” என்று அய்யாவு பணிவாகச் சொன்னார். அன்றைக்கு முதன்முறையாக வாசுகிக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சுவரில் தம்பி உட்கார்ந்திருந்தான். ஈரத் துணியைக்கூட அந்தப் பெண் விடவில்லை. பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் ‘பெயரில்லாதவர்’ என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. லோஷினி ஓடிவந்து வாசுகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

விழாப் பொறுப்பாளர் கமலநாதன் கெட்ட மனிதர் இல்லை. அனுதாபமாகத்தான் பேசினார்.

“மனசு கஷ்டமாத்தாம்மா இருக்கு. ஆனா இன்னைக்குக் கடைசி நாள். ஏழு மணிக்குப் பெரிய பெரிய ஆளுங்க வர்றாங்க. இந்தப் படத்தப் பாக்கத்தான் வர்றாங்க. இத எடுத்துட்டா நான் என்னத்தக் காட்டுவேன்?”

“அவங்க பாக்கட்டும் சார். அதுக்கு முன்ன சொந்தக்காரங்க ஒரு தடவ பாத்துக்கறோம்.”

“நான் சொல்றது உங்களுக்குப் புரியல…”

“புரியுது சார். பத்திரம் இல்லாதவங்க கஷ்டத்த எல்லாருக்கும் காட்டணும்னு வச்சிருக்கீங்க, நல்ல காரியம். அந்தக் கஷ்டம் இப்ப எங்க வீட்டுக் கூடத்துல பெட்டியில கெடக்கு. தலைமாட்டுல ஆணி அடிச்சாச்சு. மாட்டப் படமில்ல.”

கமலநாதன் தலையைத் தடவிக்கொண்டார். லோஷினி அதற்குள் படத்தைச் சுவரிலிருந்து தூக்கிவிட்டாள். “படம் என்னோடது சார். நானே கூடப் போறேன். ஆறு மணிக்குள்ள திரும்ப மாட்டிடறோம்.”

“மாட்டிருவோம்” என்றாள் வாசுகி. “நானே கொண்டாந்து மாட்டறேன்.”

வீட்டில் ஆணி அந்தப் பாரத்தைத் தாங்குமோ என்று அய்யாவு பயந்தார். தாங்கியது. வாசுகி கண்ணாடி மேல் விபூதி பூசி, குங்குமம் வைத்து, ரோஜா மாலையைப் போட்டாள். பெட்டியில் இருந்தவனைவிடப் படத்தில் இருந்தவன் உயிரோடு இருந்தான். அதுவரை வெற்றிலையை மென்றுகொண்டிருந்த கஸ்தூரி எழுந்து வந்து படத்தையே பார்த்தாள். “எத்தன வருசமா நம்ம வீட்டுல சாப்பிட்டான். இப்படி நேரா மொகத்த நிமித்திப் பாத்ததே இல்லையே இந்தப் பய” என்று சொல்லி ஓவென்று அழுதாள். அதன் பிறகுதான் வாசுகியும் வாய்விட்டு அழுதாள். அவள் அழுது முடிக்கட்டும் என்று அய்யாவு பெட்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். வாசுகியின் மகன் செல்வா தாய்மாமனுக்குக் கொள்ளி வைக்கப் போனான். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். ஆண்கள் திரும்பிவந்து குளித்ததும், வாசுகி ஈரத் தலையோடு வாசலுக்கு வந்தாள். வேன் நின்றது. படத்தைப் பின்னால் ஏற்றியிருந்தார்கள்.

“மாலையக் கழட்டிரலாமா?” என்று கேட்டார் திருச்செல்வம்.

“வேணாங்க. இருக்கட்டும்.”

கமலநாதன் வாசலிலேயே காத்திருந்தார். சொன்னபடி வந்துவிட்டார்கள் என்று முகம் தெளிந்தவர், மாலையைப் பார்த்ததும் கலங்கினார்.

“இத எப்படிம்மா… கண்காட்சியில?”

“குங்குமம் கண்ணாடி மேலதான் இருக்கு சார், படத்துக்கு ஒண்ணும் ஆவல. நேத்து வரைக்கும் அவன் உயிரோட இருந்தான், மால இல்ல. இன்னைக்கு அவன் இல்ல, மால இருக்கு. வர்றவங்களுக்கு அது தெரியணும்.”

அவர் லோஷினியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே படத்தின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். மறுமுனையை வாசுகி பிடித்தாள். பழைய இடத்திலேயே மாட்டினார்கள். பிறகு வாசுகி அந்தச் சின்ன அட்டையைச் சுவரிலிருந்து உரித்தாள்.

“அம்மா, அம்மா, அத ஏன் எடுக்கறீங்க? பேரு போட வேணாம்னு அவரேதான் சொன்னாரு!”

“ஆமா சார். போட்டா புடிச்சுக்குவாங்கன்னு பயந்தான்.” அட்டையை அவர் கையில் கொடுத்தாள். “இனிமே யாரு புடிப்பா?”

கமலநாதன் அந்த அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தன் பேனாவை எடுத்து அவரே நீட்டினார்.

லோஷினி ஒரு வெள்ளை அட்டை கொடுத்தாள். வாசுகி சுவரோடு வைத்து எழுதினாள். ஐசியில் எப்படிப் போடுவார்களோ அதே மாதிரி, பெரிய எழுத்தில், இன்னார் மகன் என்று அப்பா பெயரோடு: SUKUMARAN A/L THANGARAJU. அதற்குக் கீழே தமிழில் சுகுமாறன் என்று எழுதினாள். எந்த அலுவலகமும் எழுதித் தராத பெயர். எழுத ஒரு நிமிடங்கூட ஆகவில்லை. அதை நினைத்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. அட்டையைச் சுவரில் ஒட்டிக் கட்டைவிரலால் நான்கு மூலையையும் அழுத்தித் தேய்த்தாள்.

கூட்டம் உள்ளே வரத் தொடங்கியது. வெளியே கொட்டுச் சத்தம் கேட்டது. மாலையைப் பார்த்தவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தார்கள். வாசுகியும் திருச்செல்வமும் பின்னால், சுகுமாறன் வழக்கமாக நிற்கும் இடமாக இருக்கலாம் என்று தோன்றிய தூணோரம் நின்றார்கள். வீட்டில் விளக்கு ஏற்ற நேரமாகிவிட்டது. ஒரே ஒரு நிமிடம் என்றாள் வாசுகி.

ஏழெட்டு வயது மலாய்ச் சிறுமி ஒருத்தி, அப்பாவின் கையை விட்டுவிட்டுப் படத்துக்கு அருகில் போனாள். அட்டையில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். “சு… கு… மா… ரான்.”

“உள்ளேன் ஐயா” என்றாள் வாசுகி, திருச்செல்வத்துக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். சிறுமி இன்னொரு முறை வாசித்தாள், இந்த முறை திக்காமல்.