இரண்டாவது யூனிட்டுக்குப் புது பிளேடு

கூட்டத்தில் இருந்தவர்கள்: அனல் மின்நிலைய மேலாளர், டர்பைன் பிளேடு விற்கும் கம்பெனியின் ஆளான அவருடைய மச்சினன், பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்ட கணக்கு அதிகாரி, இன்ஜினியர். இவர்களில் மெஷினைத் தொட்டுப் பார்த்தவர் என்றால் கடைசி ஆள் ஒருவர்தான்.

இன்ஜினியர் கையெழுத்துப் போட்டால் பழைய இரண்டாவது யூனிட்டுக்கும் புது பிளேடு வரும். போடாவிட்டால் அவர் நாற்காலிக்கு வேறு ஆள் வரும். நாற்காலியோடு, அவர் குடியிருக்கும் நிலையத்து வீடும் போகும். காலையிலேயே மேலாளர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

"முதல் யூனிட்ல மாட்டினோம். கரிச் செலவு எப்படிக் குறைஞ்சுது, பாத்தீங்கல்ல சார்?" என்றான் மச்சினன். அவன் தலைமுடிகூட வழவழவென்று எதையோ விற்றுக்கொண்டிருந்தது.

"பாத்தேன்" என்றார் இன்ஜினியர். "பிளேடு மாத்த மெஷினை நிறுத்தினப்போ கண்டென்சர் குழாயையும் கழுவினோம். ஆவியைத் தண்ணியாக்குற குழாய். வருஷக்கணக்கா சேறு அடைச்சுக் கிடந்துது. ரெண்டையும் ஒண்ணா செஞ்சுட்டு, பேரை மட்டும் பிளேடுக்குக் குடுத்துட்டீங்க."

"அது உங்க ஊகம் சார்."

"போன வாரம் ரெண்டாவது யூனிட்ல குழாயை மட்டும் கழுவச் சொன்னேன். அதே பழைய பிளேடுதான். கரி கிட்டத்தட்ட அதே அளவு குறைஞ்சிருக்கு. செலவு, பிரஷ்ஷும் ஆள் கூலியும்."

கணக்கு அதிகாரி மெல்லுவதை நிறுத்தினார். மண்டையில் ஏதோ ஏறிவிட்டது என்று இன்ஜினியர் ஒரு கணம் ஏமாந்தார்.

"புதுப்பிக்கிறோம்னு சொல்லிக் கடன் வாங்கியாச்சே. கழுவினாலே போதும்னா பாங்க்காரன் திருப்பிக் கேப்பானே" என்றார் கணக்கு அதிகாரி.

"யாரைக் கேட்டுக் கழுவினீங்க?" என்றார் மேலாளர்.

"சேத்தைத்தான் கேட்டேன். ஆட்சேபணை இல்லைன்னுது."

யாரும் சிரிக்கவில்லை. மச்சினன் பேனாவை நீட்டினான். இன்ஜினியர் அதை வாங்கி, பிஸ்கட் தட்டில் வைத்துக் கணக்கு அதிகாரி பக்கம் தள்ளினார்.

"இதையும் நீங்களே சாப்பிடுங்க."

மேலாளர் வாசல் காவலாளிக்கு போன் போட்டார். "சார் கிளம்புறார். சாவியை வாங்கிக்க."

இன்ஜினியர் டர்பைன் கூடத்தின் வழியாக நடந்தார். இரண்டாவது யூனிட் அலட்டாமல் ஓடிக்கொண்டிருந்தது. இனி புது பிளேடு வரும், குழாயைக் கழுவ ஒருத்தனுக்கும் தோன்றாது, சேறு மறுபடி அடைக்கும். அப்போதும் பிளேடு தப்பித்துக்கொள்ளும். பழி போடத்தான் வெளியே போன ஆள் ஒருவர் இருக்கிறாரே.

காவலாளி சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டான். "தப்பா நினைக்காதீங்க சார்."

"நினைக்கிற வேலையை எல்லாம் உள்ள இருக்கறவங்க கிட்ட விட்டுட்டேன்பா" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே இறங்கினார்.

காவலாளி இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, அவருடைய சாவியாலேயே பூட்டினான்.