வெண்ணெய் அதிகம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள். சுவர்ப்பக்கம், மின்விசிறிக்கு நேர்கீழே, வீட்டுக்காரர். பிஸ்கட் கம்பெனியில் சுவை பார்ப்பது அவர் வேலை. சுட்டு வரும் பிஸ்கட்டைக் கடித்துப் பார்த்து அவர் தலையாட்டினால்தான் அது பெட்டிக்குள் போகும். கம்பெனியில் அவருக்கு ‘நாக்கு சார்’ என்று பெயர். அதில் அவருக்குப் பெருமைதான். அவருக்கு வலப்பக்கம் கல்லூரியில் படிக்கும் மகள். இடப்பக்கம் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. ஞாயிறு தவறாமல் சாப்பிட வந்துவிடுகிறவர். எதிரே, எந்த நேரமும் எழுந்து போகச் சொல்லிவிடுவார்களோ என்பதுபோல நாற்காலியின் நுனியில், கம்பெனியின் அடுப்புப் பிரிவு சூப்பர்வைசர். ஐந்தாவது ஆள் நாக்கு சாரின் மனைவி. மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். அவளுக்கும் நாற்காலி போட்டிருந்தது, உட்காரத்தான் மனசு வரவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்புப் பக்கமே நின்றாள்.

சூப்பர்வைசர் விருந்துக்கு வந்தவரல்ல, முறையிட வந்தவர். கொஞ்ச காலமாக எந்த வெண்ணெய் பிஸ்கட்டைக் கொண்டுபோய் நீட்டினாலும் நாக்கு சார் ஒரு கடி கடித்து, முகத்தைச் சுளித்து, ‘வெண்ணெய் அதிகம்’ என்று எழுதித் தள்ளிவிடுகிறாராம். பெட்டிக்குள் போகாத பிஸ்கட் கிடங்கில் மலையாகக் குவிந்திருக்கிறது. அளவில் யாரோ கை வைக்கிறார்கள், அது சூப்பர்வைசர்தான் என்று நாக்கு சார் முடிவே கட்டிவிட்டார். திங்கட்கிழமை தலைமை அலுவலகத்துக்கு எழுதப்போவதாகவும் சொல்லியிருந்தார்.

தராசைத் தினமும் தானே சரிபார்ப்பதாக சூப்பர்வைசர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். தராசுக்குப் பழுது வரலாம், தன் நாக்குக்கு இதுவரை வந்ததில்லை என்றார் நாக்கு சார்.

“இந்த அடுப்பை விட்டா எனக்கு வேற வேலை தெரியாது சார்,” என்றார் சூப்பர்வைசர்.

பழுது எங்கே என்று அடுப்புப் பக்கம் நின்ற மனைவிக்குத் தெரியும். காரணம், அவள் கரண்டியிலிருந்த மக்ரோனி.

ஆறு மாசம் முன்னால் ரத்தத்தில் கொழுப்பு ஏறிக் கிடக்கிறது என்று டாக்டர் எச்சரித்தார். பொரித்ததை விட்டார் நாக்கு சார், இனிப்பை விட்டார், மாலையில் நடக்கக்கூடப் போனார். ஞாயிற்றுக்கிழமை மக்ரோனியில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்றார். டாக்டருக்கு என் ரத்தம் தெரியும், என் ஞாயிற்றுக்கிழமை தெரியாது என்பது அவர் வாதம். வெண்ணெயில் மைதாவை வறுத்து, கொழுப்பெடுக்காத பாலை விட்டுக் குழம்பாக்கி, சீஸைத் துருவிக் கொட்டி, மேலே இன்னும் கொஞ்சம் கொட்டி, சிவக்கச் சுட்டு எடுப்பது அது. ஒரு தட்டு சாப்பிட்டால் சாயங்காலம் வரை ஆள் எழுந்திருக்க மாட்டார்.

மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு ஒன்று தெரியும். வீரியமான மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு சண்டைக்கு வரும். துளித்துளியாகக் குறைத்தால் கண்டுகொள்ளாது. அப்படியே வெண்ணெயையும் குறைத்தாள். குறைத்த இடத்தில் காலிஃபிளவரைக் குழைய வேகவைத்து அரைத்து ஊற்றினாள். சீஸைப் பாதியாக்கி, காரம் தெரிய ஒரு சிட்டிகை கடுகுப்பொடி போட்டாள். மைதா மக்ரோனியோடு கோதுமை மக்ரோனியைக் கலந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அவர் கண்ணை மூடி மென்றபோது அவளுக்கு உயிர் போய் வந்தது. அவரோ ஒவ்வொரு ஞாயிறும் பேஷ் என்றார்.

இப்போதும் ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். “வெண்ணெய்னா இது வெண்ணெய். அளவா, மரியாதையா இருக்கு. சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் உங்க அடுப்பைப் பத்திப் பேசலாம்.”

சூப்பர்வைசர் ஒரு கரண்டி எடுத்தார். மென்றார். மரியாதைக்கு இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு அவளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “அக்கா, இது காலிஃபிளவருங்களா?”

மகள் தண்ணீர் டம்ளரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். மைத்துனருக்குத் தன் தட்டின் மேல் திடீரென்று பெரிய அக்கறை வந்துவிட்டது.

நாக்கு சார் விழுந்து விழுந்து சிரித்தார். “பார்த்தியா மாப்ளே? வெண்ணெயை வாயில வெச்சா காலிஃபிளவர்ங்கறார். இந்த வாயை நம்பித்தான் கம்பெனி அடுப்பைக் கொடுத்திருக்கு. நாளைக்கு எழுதறதுல இதையும் சேர்த்துடறேன்.”

சூப்பர்வைசர் கரண்டியை வைத்துவிட்டார். அந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. சும்மா இருக்கச் சொல்லித் தம்பி கண்ணைக் காட்டினான். போன வாரம்தான் ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்திருந்தது, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமே என்று அவன் எண்ணம். ஆனால் இன்னொருத்தர் பிழைப்பைப் போட்டா தன் மக்ரோனியைக் கிளறுவது?

“அவர் வாய் சரியாத்தாங்க இருக்கு,” என்றாள். “இதுல வெண்ணெய்னு ஒரு ஸ்பூன்தான். மிச்சமெல்லாம் காலிஃபிளவர். ரொம்ப நாளாவே.”

கூடப்பிறந்தவன் ஏமாற்றிவிட்டதுபோல நாக்கு சார் தட்டைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக விசாரணை நடந்தது. மிக்ஸியில் அரைத்தது தான்தான் என்றாள் மகள். சந்தையிலிருந்து சுமந்து வந்தது தான் என்று மைத்துனர் ஒப்புக்கொண்டார். அத்தோடு நிறுத்தாமல், “காய்கறிக்காரர்கூட அப்பப்போ கேப்பார் மாமா, சாருக்குச் சந்தேகம் வரலியேன்னு,” என்று சேர்த்தார்.

“அப்போ பழையபடி பண்ணிக் கொண்டா,” என்றார் நாக்கு சார். “நாக்கு என்ன சொல்லுதுன்னு பார்த்துடலாம்.”

அவள் சின்ன வாணலியில் வெண்ணெயை உருக்கினாள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் பழைய அளவிலேயே போட்டு மக்ரோனியைக் கிளறினாள். எல்லோரும் காத்திருந்தார்கள். வாசனை வீடு பூராவும் சுற்றி வந்தது.

நாக்கு சார் ஒரு வாய் எடுத்தார். முகம் தானாகச் சுளித்தது. வாயும் தானாகத் திறந்தது.

“வெண்ணெய் அதி…” என்று ஆரம்பித்தவர் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. மகள் மட்டும் எழுந்து கை கழுவப் போனாள். குழாயடியில் ரொம்ப நேரம் நின்றாள்.

கொஞ்சம் பொறுத்து அவர் காகிதமும் பேனாவும் கேட்டார். தள்ளிவிட்ட பிஸ்கட்டையெல்லாம் விடுவிக்க எழுத்தில் காரணம் சொல்லியாக வேண்டும். ‘உடல்நிலை காரணமாக’ என்று தொடங்கினார். டாக்டர் சீட்டு கேட்பார்கள், டாக்டரோ இப்போதுதான் கை கொடுத்துப் பாராட்டியிருக்கிறார் என்று அவள் நினைவூட்டினாள்.

“காலிஃபிளவர்னு எழுதினா நான் எப்படி அந்தக் கம்பெனி கேட்டுக்குள்ள தலை நிமிர்ந்து போறது?”

“நான் ஏமாத்தினேன்னு எழுதுங்க. பழி என் மேலேயே இருக்கட்டும்.”

“நீ ஏமாத்தினேன்னா நாக்கு ஏமாந்துச்சுன்னுதானே அர்த்தம்?”

பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே சூப்பர்வைசர், சண்டை எதுவும் காதில் விழாதவராக, வாணலியை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. முகத்தில் அப்படியொரு நிம்மதி. ஆறு மாசம் முன்புவரை இந்த மேசையில் தன் புருஷன் முகத்தில் இருந்த நிம்மதிதான் அது என்று அவளுக்குப் பட்டது. நாக்கு சாருக்கும் பட்டிருக்க வேண்டும். நெடுநேரம் அந்த முகத்தையே பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

பிஸ்கட்டில் வெண்ணெய் சரியான அளவில்தான் உள்ளது என்று எழுதினார். சூப்பர்வைசர் மேல் குற்றமில்லை. குற்றம் தன் நாக்கில். வீட்டில் தனக்குத் தெரியாமல் வெண்ணெய்க்குப் பதில் காலிஃபிளவர் பரிமாறப்பட்டதில் அதன் பழக்கம் மாறிவிட்டது. ‘காலிஃபிளவர்’ என்ற சொல்லை எழுதும்போது மட்டும் எழுத்து கொஞ்சம் சிறுத்தது. இனி வெண்ணெய் பிஸ்கட்டை அடுப்புப் பிரிவு சூப்பர்வைசரே சுவை பார்க்கலாம், தன்னை ஓட்ஸ் பிஸ்கட் பக்கம் மாற்ற வேண்டும் என்று முடித்தார்.

“திரும்பவும் வெண்ணெய்க்குப் பழகிக்கலாமே,” என்றாள் அவள், பயந்துகொண்டே.

அவர் தன் காலிஃபிளவர் தட்டைக் கிட்டே இழுத்து, ஆறிப்போயிருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். பிறகு காகிதத்தை மடித்து உறையில் போட்டு, ஓரத்துப் பசையை நாக்கால் ஈரமாக்கினார்.

“பசையில இனிப்பு கூட,” என்றார்.

இருக்கலாம் சார் என்றார் சூப்பர்வைசர்.

உறையை அழுத்தி ஒட்டிக்கொண்டு இருவரும் தெருமுனைக்கு நடந்தார்கள். அவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். தபால் பெட்டி முன்னால் நாக்கு சார் கொஞ்சம் தயங்கி நின்றார். பிறகு உறையைச் சூப்பர்வைசர் கையில் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கி உள்ளே போட்டார்.